சொக்கிப்போவது கொச்சையா?

மார்ச் 2, காலை. ஒரு வாசகர் கேட்டது

என் சிறுகதையில் ஒரு பெண் கோயில் மண்டபத்தில் நின்று நாகசுரம் கேட்கிறாள். "தூணில் சாய்ந்து சொக்கிப்போய் நின்றாள்" என்று எழுதியிருந்தேன். அச்சில் வந்தபோது "வசீகரிக்கப்பட்டு நின்றாள்" என்று மாறியிருந்தது. ஏன் என்று கேட்டேன். சொக்கு என்பது கொச்சை, படித்ததும் சொக்குப்பொடிதான் ஞாபகம் வரும், பொருள் ஒன்றுதானே என்றார்கள். நிஜமாகவே பொருள் ஒன்றுதானா?

மார்ச் 2, இரவு

ஒன்றே இல்லை. ஓரத்தில் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.

வசீகரத்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது வசம். "வசமாகச் சிக்கினான்" என்கிறோமே, அதே வசம். ஒருவரைத் தன் பிடிக்குள் கொண்டுவருவதுதான் வசீகரித்தல். அதனால் அந்தச் சொல் எப்போதும் பிடிப்பவர் பக்கம் உட்கார்ந்திருக்கும். வசீகரமான முகம், வசீகரமான குரல், வசீகரமான பேச்சாளர். கேட்பவர் ஒருவர்கூட அங்கே இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும்.

சொக்கு அப்படித் தனியாக நிற்காது. சொக்கினவர் ஒருவர் வேண்டும். "சொக்கான முகம்" என்று யாரும் சொல்வதில்லை. "ஆளைச் சொக்க வைக்கிற முகம்" என்பார்கள். அந்த "ஆள்" உள்ளே வந்தால்தான் சொல்லுக்கு உயிர் வரும்.

இலக்கணத்தையும் பார்த்துவிடலாம். மயங்கு என்றால் மயக்கு உண்டு. அடங்கு, அடக்கு. திருந்து, திருத்து. தன்வினையும் பிறவினையும் ஜோடியாக வரும். சொக்குக்கு இன்றைய பேச்சில் அந்த ஜோடி இல்லை. "அவள் அவனை மயக்கினாள்" என்றால் சரி. "அவள் அவனைச் சொக்கினாள்" என்று நான் யார் வாயிலும் கேட்டதில்லை. "சொக்க வைத்தாள்" என்று ஒரு துணைவினையைப் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக முடியும். சொக்குவது எப்போதும் சொக்குகிறவரின் வினை.

உங்கள் கதையில் நாகசுரக்காரர் அந்தப் பெண்ணைப் பார்க்கக்கூட இல்லை. அவர் பாட்டுக்கு வாசிக்கிறார். அவளுக்குள் ஏதோ தளர்கிறது. அந்தத் தளர்வுதான் கதை என்று நினைக்கிறேன். "வசீகரிக்கப்பட்டு" என்று போட்டதும் அவள் கையில் இருந்த வினையைப் பிடுங்கிச் செயப்பாட்டுவினையாக்கி, யாரோ அவளுக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை.

மார்ச் 3

கொச்சை என்பதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். மதுரையில் 1659 முதல் 1682 வரை ஆண்டவர் பெயர் சொக்கநாத நாயக்கர். திருமலை நாயக்கரின் பேரன், ராணி மங்கம்மாளின் கணவர். அவருடைய பேரன் விஜயரங்க சொக்கநாத நாயக்கர். தினமணி 1934இல் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். மீனாட்சி கோயில் மூலவரே சொக்கநாதர். அரசனுக்கும் பத்திரிகை ஆசிரியருக்கும் சாமிக்கும் பெயராக நின்ற சொல் ஒரு சிறுகதைக்குள் நுழையக் கூடாதாம். இதை ஏற்க மாட்டேன்.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

"அப்படியானால் கவர்ச்சி என்று எழுதலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எழுத முடியாது. கவர் என்றால் பறித்துக்கொள்வது, தனதாக்கிக்கொள்வது. குறளில் கனி இருக்கும்போது காயைக் கவர்கிறான் ஒருவன். நல்ல சொல்தான். ஆனால் சினிமா விளம்பரமும் வாரப் பத்திரிகை நடுப்பக்கமும் "கவர்ச்சி" என்பதைத் துணி குறைவு என்ற ஒரே பொருளுக்குள் அடைத்துவிட்டன. தள்ளுபடி விளம்பரத்தில் "கவர்ச்சிகரமான பரிசுகள்" என்று வருவதோடு சரி. நாகசுரம் கேட்கிற பெண்ணுக்கு அதைப் போட்டால் வேறு கதையாகிவிடும்.

மார்ச் 5

காரைக்குடியிலிருந்து ஓர் அண்ணன் நல்ல மறுப்பு வைத்திருக்கிறார். "தூக்கம் கண்ணைச் சொக்குது என்கிறோமே, அங்கே 'கண்ணை' என்று இரண்டாம் வேற்றுமை வருகிறதே, சொக்குவது பிறவினை ஆகாதா?"

இதை இரண்டு நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன். அண்ணே, நீங்கள் சொன்ன வாக்கியத்தோடு இவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

தலையைச் சுத்துது.
வயித்தைப் புரட்டுது.
கண்ணை இருட்டுது.
உடம்பை அசத்துது.
கண்ணைச் சொக்குது.

எல்லாவற்றிலும் "ஐ" இருக்கிறது. தலையைச் சுத்துவது யார்? யாருமில்லை. வயிற்றைப் புரட்டுவது யார்? அதுவும் இல்லை. தமிழில் உடம்புக்கு ஒன்று தானாக நேரும்போது நாம் இப்படித்தான் பேசுகிறோம். செய்பவர் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, எந்த உறுப்புக்கு நேர்கிறதோ அதற்கு ஒரு "ஐ" போட்டு, அஃறிணை முற்றைச் சேர்த்துவிடுகிறோம். "தூக்கம்" என்று எழுவாய் போலப் போடுகிறோமே என்றால், அதைச் சொல்லாமலும் வாக்கியம் முழுசாகத்தான் இருக்கிறது. "கண்ணைச் சொக்குது, போய்ப் படுக்கிறேன்." இதில் எந்தக் குறையும் இல்லை.

ஆக உங்கள் மறுப்பு எனக்குப் பெரிய உதவி. சொக்குவது மனதுக்கு வந்த சொல்லாக மட்டும் இல்லை. தலைசுற்றல், குமட்டல், கண் இருட்டல் இருக்கிற குடும்பத்தில் பிறந்த சொல். உடம்புச் சொல்.

மார்ச் 6

நேற்று எழுதியதிலிருந்து மனம் வெளியே வரவில்லை. யோசிக்க யோசிக்க, அழகுக்கு ஆட்படுவதைச் சொல்லும் தமிழ்ச் சொற்களில் பாதி, தூக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் உரிய சொற்களாகவே இருக்கின்றன.

அசந்து தூங்கினான். அவள் பாட்டைக் கேட்டு அசந்து போனான். ஒரே வினை. "அசத்திட்டே" என்று இன்று பாராட்டுகிறோமே, அதன் நேர்ப்பொருள் "என்னைக் களைக்க வைத்துவிட்டாய்" என்பதுதான்.

மயக்கமும் அப்படியே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் "மயக்கமா வருது" என்றால் உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். "அவள்மேல் மயக்கம்" என்றால் வேறு. சாப்பாட்டுக்குப் பின் வருவது உண்ட மயக்கம். அது தொண்டனுக்கும் உண்டு என்று பழமொழி. கிறக்கமும் அப்படி. காய்ச்சலில் கிறங்கிக் கிடப்பதும் உண்டு, குரலில் கிறங்குவதும் உண்டு.

சொக்கு இந்த வரிசையில் மென்மையானது. மயங்கினவர் விழுவார். அசந்தவர் தூங்கிவிடுவார். கிறங்கினவருக்கு நிதானம் போய்விடும். சொக்கினவர் நின்றுகொண்டே இருப்பார். விழிப்பும் இருக்கும், இமை மட்டும் பாதி இறங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை பால் குடிக்கும்போது பார்த்திருக்கிறேன். கருவிழி மேலே ஏறும், இமை இறங்கும், தூங்கிவிட்டது என்று நினைக்கும்போது சட்டென்று ஓர் இழுப்பு இழுத்துக் கண்ணைத் திறக்கும், மறுபடி இறங்கும். கையில் ஒரு விரல் மட்டும் தாயின் சேலை நூலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். தூங்கவும் இல்லை, முழித்திருக்கவும் இல்லை. அந்த நடுவிடத்துக்குப் பெயர் சொக்கு. இதற்கு வசீகரம் என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 9

தொழில் செய்பவர்கள் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால் பொருள் இன்னும் தெளிவாகும். என் அண்ணன் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் பல வருஷம் நின்றவர். பாய் விரித்து, முன்னால் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சேலையை வீசி விரித்துக் காட்டுகிற வேலை. அவர்களுக்குள் "சொக்கியாச்சு" என்று ஒரு பேச்சு உண்டு.

அது எப்போது என்று கேட்டேன். அண்ணன் சொன்னது இது. வாடிக்கையாளர் "நல்லாயிருக்கு", "சூப்பரா இருக்கு" என்று சொல்லும்வரை ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அவர்கள் இன்னும் ஐம்பது சேலை எடுத்துப்போடச் சொல்வார்கள். சொக்கினவர் பேச மாட்டார். அதுவரை ஒவ்வொரு சேலைக்கும் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், பார்ப்பதை நிறுத்திவிடுவார். உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையால் முந்தியைத் தடவுவார். பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ வேறு சேலையைக் காட்டினால் "ம்" என்பார், தலை திரும்பாது. அப்போது மூத்த விற்பனையாளர் சின்னப் பையனிடம் மெல்லச் சொல்வாராம், "சொக்கியாச்சு, அதை மடிக்காதே."

இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் ஒருபோதும் "நாங்கள் சொக்க வைத்தோம்" என்று பெருமை பேசியதில்லை என்பது. சேலையை வீசுவதும் விளக்குக்குக் கீழே பிடிப்பதும் அவர்கள் வேலை. சொக்குவது வந்தவர் வேலை. அதற்காகக் காத்திருப்பார்கள்.

மார்ச் 10

சென்னைத் தம்பி ஒருவர் "எங்க ஊர்ல சோக்கா இருக்குன்னு சொல்வோமே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே" என்கிறார். இல்லை தம்பி. உங்கள் சோக்கு நெடில். அது உருது வழியாக வந்த ஷௌக், ஆசை, விருப்பம், ரசனை என்ற பொருள். அதிலிருந்துதான் ஷோக்கு, சோக்காளி எல்லாம். இது குறில். சோக்காக உடுத்திக்கொண்டு வந்தவரைப் பார்த்து இன்னொருவர் சொக்கலாம், அதில் தடையில்லை.

தெலுங்கில் சட்டைக்குச் சொக்கா என்பார்கள், தமிழிலும் சொக்காய் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாயம் போல உருட்டி ஆடும் சொக்கட்டானும் வேறு.

மார்ச் 14

சொக்குப்பொடிக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

என் சித்தப்பா மில்லில் வேலை பார்த்தவர். கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்துக்குள் தனிக்குடித்தனம் போனார். அப்பத்தா கடைசிவரை ஒரே வாக்கியம்தான். "எம்மவனுக்கு என்ன சொக்குப்பொடி போட்டாளோ." உறவுக்காரர்கள் வந்தால் சொல்வார். வராவிட்டால் எங்களிடம் சொல்வார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், சித்தி வீட்டுக்குப் போனால் அடுக்களையில் அந்தப் பொடி எந்த டப்பாவில் இருக்கும் என்று கண்ணால் தேடுவோம். மஞ்சள்பொடி, மல்லிப்பொடி, இட்லிப்பொடி. அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

சித்தப்பா தனியாகப் போன காரணம் எல்லோருக்கும் தெரியும். இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலில் தூங்குவதற்கு எங்கள் பழைய வீட்டில் இடமே கிடையாது. பதினைந்து பேர் புழங்கும் வீடு. போக வேண்டும் என்று முடிவு செய்ததும் அவர்தான், வீடு பார்த்ததும் அவர்தான். சித்தி வேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்ததாக அம்மா சொல்வார்.

சொக்குப்பொடி என்ற ஒரு சொல்லில் எத்தனை பேர் காணாமல் போகிறார்கள் பாருங்கள். சித்தப்பாவுக்கு ஒரு மனம் இருந்தது, அவர் யோசித்து முடிவெடுத்தார் என்பது போய்விட்டது. சித்தியிடம் இருந்த நல்லதும் போய்விட்டது. அந்த அம்மாள் சிரித்தால் வீடே சிரிக்கும். கடன்காரனைக்கூட உட்கார வைத்துக் காப்பி கொடுத்துப் பேசி அனுப்புவார். அதில் ஒருவர் சொக்கிப்போனால் ஆச்சரியமே இல்லை. அதையெல்லாம் ஒரு பொடிக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து இதைச் சித்தியிடமே கேட்டேன். "பொடியா? அப்படி ஒண்ணு கடையில கெடைச்சா, உங்க சித்தப்பா சம்பளக் கவரைப் பிரிக்காமக் கொண்டாந்து குடுக்கட்டும்னு நானே ரெண்டு பொட்டலம் வாங்கியிருப்பேனேடா" என்று சிரித்தார்.

அச்சில் திருத்தியவர்கள் சொக்குப்பொடியை நினைத்துப் பயந்தார்கள் என்றால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பழி பொடி மேல். வினை மேல் இல்லை.

மார்ச் 15

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. மாந்திரீகத்தில் எட்டு வேலைகள் சொல்வார்கள், அட்டகர்மம் என்று பெயர். வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், பேதனம், வித்துவேஷணம், மாரணம். வசப்படுத்துவதில் தொடங்கிக் கொல்வதில் முடிகிற பட்டியல். வசியமும் வசீகரமும் ஒரே வேர். மோகனமும் அதே பட்டியலில் இருக்கிறது, ஆனால் அது நல்ல காலமாக ராகத்தின் பெயராகவும் நின்று, இன்று கேட்டால் இசைதான் ஞாபகம் வருகிறது.

கவனிக்க வேண்டியது, அந்த எட்டில் சொக்கு இல்லை. மந்திரவாதியின் பட்டியலில் இருப்பது வசீகரத்தின் உறவு. அப்படியிருக்க, "சொக்கு என்றால் பில்லிசூனிய வாடை, வசீகரம் என்றால் சுத்தம்" என்று நினைப்பது தலைகீழ்.

மார்ச் 15, இரவு

ஒருவர் இடுமருந்து பற்றிக் கேட்டிருக்கிறார். கணவனுக்குச் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள் என்று சொல்லி, வயிற்றிலிருந்து அந்த மருந்தை "எடுக்கிறேன்" என்று காசு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் போகாதீர்கள். வயிற்று வலி என்றால் மருத்துவரைப் பாருங்கள். இதற்குமேல் இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

மார்ச் 21

சொக்கத் தங்கம். இதைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

சொக்கத் தங்கத்தில் மயக்கம் எதுவும் இல்லை. கலப்பில்லாத தங்கம், அவ்வளவுதான். இன்று கடையில் 916 என்று முத்திரை போட்டு விற்பது 22 காரட், அதில் 91.6 சதவீதம் தங்கம். அது நகைக்கு உகந்த தங்கம், ஆனால் சொக்கத் தங்கம் ஆகாது. கன்னடத்தில் சொக்க என்றால் சுத்தமான, திருத்தமான என்று பொருள். மராத்தியில் சோக் என்றால் கலப்படமில்லாதது. தூய்மைக்கான இந்தச் சொல் தக்காணம் முழுக்கப் புழங்குகிறது.

தமிழில் இதற்குப் பழைய சான்று நடனத்தில் கிடைக்கிறது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் கூத்து வகைகளைச் சொல்லும்போது, சொக்கம் என்பது சுத்த நிருத்தம், அது நூற்றெட்டுக் கரணம், அதாவது ஆட்ட நிலை, உடையது என்கிறார். கதை சொல்லாத, அபிநயம் கலக்காத, ஆட்டம் மட்டுமேயான ஆட்டம். தங்கத்தில் செம்பு கலக்காதது போலவே ஆட்டத்தில் கதை கலக்காதது. அந்தப் பெயரிடலைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. என்ன நுட்பம்!

மார்ச் 22

"அப்படியானால் சொக்கநாதர் சுத்தமானவரா, சொக்க வைப்பவரா?" என்று உடனே கேள்வி வந்துவிட்டது.

சொக்கன் என்றால் அழகன். அதுதான் சுந்தரேசுவரர் என்ற பெயருக்கும் பொருள். அழகு என்பதற்குத் தூய்மை வழியாகவும் வரலாம், மயக்கம் வழியாகவும் வரலாம். மதுரையில் இரண்டு ஓடையும் கலந்துவிட்டன என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மதுரைக்காரர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லும்போது பிரித்துச் சொல்வதில்லை. கலப்பில்லாத ஒன்றைப் பார்க்கும்போது கண் சொக்குவது இயல்புதானே.

கார்த்திகைக்குக் கோயில் முன்னால் கொளுத்தும் சொக்கப்பனையைச் சிலர் சொக்கன் பனை என்கிறார்கள், சிலர் சொர்க்கப்பனை என்கிறார்கள். பனை ஓலையைச் சுற்றிக் கட்டிய அந்த மரம் பற்றி எரியும்போது நெருப்பின் எதிரே நிற்கும் முகங்களைப் பார்த்தால் முதல் பெயரே பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். இது ஆசை, ஆராய்ச்சி இல்லை.

மார்ச் 30

மகுடிக்குச் சொக்கிய பாம்பு என்று எழுதலாமா என்று கேட்கிறீர்கள். மயங்கிய பாம்பு என்றுதான் வழக்கு. அதுவும் பாம்புக்குப் பொருந்தாது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது, செவிப்பறை கிடையாது. தாடை எலும்பு வழியாக அதிர்வை உணரும். பாம்பாட்டி மகுடியை இப்படியும் அப்படியும் அசைக்கும்போது அந்த அசைவைத் தொடர்ந்துதான் அது படத்தைத் திருப்புகிறது. படம் எடுப்பதே பயத்தில், தற்காப்புக்காக. புன்னாகவராளி ராகம் வாசித்தால் பாம்பு வரும் என்பதும் நம் ஆசை.

இன்னொன்றும் உண்டு. பாம்புக்கு இமையே கிடையாது. கண்ணின் மேல் ஒரு தெளிந்த செதில் மூடியிருக்கும், அவ்வளவுதான். இமை இல்லாத பிராணி எப்படிச் சொக்கும்?

ஏப்ரல் 20

சித்திரைத் திருவிழாவில் இன்று திக்குவிஜயம். மாசி வீதியில் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன்.

கதை தெரிந்ததுதான். மலையத்துவச பாண்டியனுக்கும் காஞ்சனமாலைக்கும் வேள்வியில் பிறந்த தடாதகைப் பிராட்டி, அதாவது மீனாட்சி, மூன்று தனங்களோடு, மூன்று மார்போடு, பிறக்கிறாள். கணவனாக வரப்போகிறவனைப் பார்த்ததும் ஒன்று மறையும் என்று வாக்கு. பட்டம் சூட்டிக்கொண்டு எட்டுத் திக்கையும் வென்று, கடைசியில் கயிலைக்கே படை கொண்டுபோகிறாள். நந்தி தோற்கிறார். பூதகணங்கள் தோற்கின்றன. சிவன் எதிரே வருகிறார். அவரைப் பார்த்ததும் மூன்றாவது தனம் மறைகிறது. போர் நின்றுவிடுகிறது. அவள் நாணித் தலை குனிகிறாள்.

இன்று வீதியில் அதை நடத்திக்காட்டும்போது, பாம்பு பற்றி எழுதிய இமை விஷயம் ஞாபகம் வந்தது. மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள். மீன் இமைக்காது. குஞ்சைப் பார்வையாலேயே காக்கும் மீன் போல, இந்த அம்மன் இமைக்காமல் ஊரைக் காக்கிறாள் என்று மதுரையில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். அவள் பெயர் இமைக்காத கண். அவள் எதிரே வந்து நின்றவன் பெயர், கண்ணைத் தாழ வைக்கும் சொக்கன். இமைக்காத கண் தாழ்ந்த இடம் எதுவோ அதற்குத்தான் நாளை திருக்கல்யாணம்.

இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த ஊர், இந்தச் சொல்லின் பொருளை நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே சொக்க வைப்பவன் ஆண். சொக்குபவள் எட்டுத் திக்கை வென்ற அரசி, அவள் சொக்கியதால் அவள் வீரம் குறைந்ததாக எவரும் சொல்லவில்லை. பொடி போட்டான் என்று சிவனை யாரும் குற்றம் சாட்டவில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் ஊர் அவளுடையதுதான், சித்திரையிலிருந்து நாலு மாதம் செங்கோல் அவள் கையில். என் அப்பத்தா வருஷா வருஷம் இந்தத் திருவிழாவுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போய், வீட்டில் மருமகளைப் பொடி போட்டவள் என்றார். அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

ஏப்ரல் 21

திருக்கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மொய் எழுதும் வரிசை நீளமாக இருந்தது. புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட பெண்கள் மண்டபம் முழுக்க.

ஏப்ரல் 24

இசைக்காரர் ஒருவர் கேட்டது, "நாகசுரத்தில் எதற்கு ஜனங்கள் சொக்குவார்கள், ஓட்டத்துக்கா, நிதானத்துக்கா?"

எனக்குத் தெரிந்தவரை நிதானத்துக்குத்தான். நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளை என்றதும் பெரியவர்கள் தோடி ராகத்தைத்தான் சொல்வார்கள், அதிலும் நீண்டுகொண்டே போகும் ஆலாபனையை. வேகமான தவில் தனிக்கு நாம் நிமிர்ந்து உட்காருவோம், கைதட்டுவோம், தொடையில் தாளம் போடுவோம். அது உற்சாகம். சொக்குவது வேறு. மீனாட்சி கோயிலில் இரவு பள்ளியறைக்குச் சுவாமியின் பாதம் பல்லக்கில் போகும். பள்ளியறைக்கு நீலாம்பரி என்பது கோயில்களில் பழைய வழக்கம். நீலாம்பரி தாலாட்டு ராகம். அந்த நேரத்தில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். யாரும் தலையாட்ட மாட்டார்கள். கும்பிட்ட கை நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், அதை யாரும் கவனித்து மேலே தூக்குவதில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கும். தூங்க வைக்கும் ராகமும் சொக்க வைக்கும் ராகமும் ஒன்றாக இருப்பதில் எனக்கு இப்போது ஆச்சரியம் இல்லை.

ஏப்ரல் 26

யாழ்ப்பாணத்து நண்பர் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். "எங்கட பக்கம் சொக்கு எண்டால் கன்னம். பிள்ளையின்ர சொக்கைக் கிள்ளுறது எண்டு சொல்லுவம். நீங்கள் எல்லாரும் இவ்வளவு நாளாக் கன்னத்தைப் பற்றித்தான் கதைக்கிறியள் எண்டு நினைச்சன்."

அருமை. அழகுக்கு அவர்கள் வடிவு என்பார்கள், சொக்கைக் கன்னத்துக்கு வைத்திருக்கிறார்கள். இதை மயக்கத்தோடு முடிச்சுப் போட நான் முயலப்போவதில்லை. ஆனால் அண்ணா, அங்கே சொக்கிப்போவதை என்ன சொல்லிச் சொல்வீர்கள்? தெரிந்துகொள்ள ஆசை. ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள்.

மே 2

பிறக்கப்போகிற பையனுக்குச் சொக்கன் என்று பெயர் வைக்கலாமா, பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்களா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்.

வை அம்மா. சொக்கலிங்கம், சொக்கநாதன், சொக்கம்மாள் என்று இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்களை வீட்டில் "சொக்கு" என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டை மட்டும் அன்றைக்கே சரிபார்த்து வாங்கிவிடு. "க்" ஒன்று விழுந்தாலும் பின்னால் திருத்த நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.